சங்கிலியில் தொங்கிய டம்ளர்

போன மாதம் ஓபி கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு அண்ணன் தன் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பதுக்கு மேல். மூன்று வருடத்துக்கு முன்பு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கிட்னி கொடுத்தவர் பக்கத்தில் நின்ற அந்த அக்காதான். (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மகளுக்குக் கோலாலம்பூரில் பிரசவம். பேரக்குழந்தையைப் பார்க்க இருவரும் கிளம்புகிறார்கள். சிகிச்சை செய்த டாக்டர்கள் "போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை, மருந்துச்சீட்டு, கடிதம் எல்லாம் தயார். பிரஷர் பார்த்து முடித்ததும் அக்கா கேட்டார்.

"சார், அங்க போயும் இவரு தனி டம்ளர்லதான் குடிக்கணுமா? சம்பந்தி வீடு. பையிலேர்ந்து டம்ளரை எடுத்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் பேசினார்.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்த புதுசுல சொந்தக்காரங்க வீட்டுல எனக்குன்னு ஒரு டம்ளரை ஒதுக்கி வெச்சாங்க சார். ஒட்டிக்குமோன்னு பயம். காபியைத் தொடாமயே எழுந்து வந்துட்டேன். இப்ப நானே ஒரு டம்ளரைத் தூக்கிட்டுப் போகணுமா?"

அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் என்னால் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் உறுப்பு மாற்று செய்தவர், கீமோதெரபி எடுப்பவர், ஸ்டீராய்டு அதிக அளவில் சாப்பிடுபவர், எச்ஐவி தொற்றோடு எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர் என்று யாராவது இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

இந்த டம்ளர் பிரச்சினைக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அது தொடங்கிய இடம் ஒரு ரயில்.

*

1900களின் தொடக்கம். அமெரிக்கா. ரயில் பெட்டியின் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு தகர டம்ளர். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பெட்டியில் ஏறுகிற அத்தனை பேருக்கும் அந்த ஒரே டம்ளர். பள்ளிக்கூடம், ரயில் நிலையம், அலுவலகம் என எங்கும் இதே ஏற்பாடுதான். "பொதுக் குவளை" என்று அதற்குப் பெயர்.

கழுவுவார்களா? அடுத்தவர் வேண்டுமானால் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுற்றி ஊற்றிவிட்டுக் குடிக்கலாம். அவ்வளவுதான்.

கான்சாஸ் மாகாணத்தில் சாமுவேல் கிரம்பைன் என்று ஒரு டாக்டர். கௌபாய் படங்களில் வருகிற டாட்ஜ் சிட்டியில் ப்ராக்டீஸ் செய்தவர். பிறகு மாகாண சுகாதார வாரியத்தின் செயலாளர் ஆனார். அந்தக் காலத்தில் காசநோயாளிகள் உலர்ந்த காற்றைத் தேடி ரயிலேறி மேற்கே போவார்கள். அப்படி ஒரு பயணத்தில் நோயாளிகள் பொதுக் குவளையில் குடித்ததையும், அவர்களுக்குப் பிறகு ஒரு சின்னப் பெண் குழந்தை அதே குவளையை வாயில் வைத்ததையும் கிரம்பைன் பார்த்தார். அவரால் அதைச் சும்மா விட முடியவில்லை.

1909ல் ரயில்களிலும் பள்ளிகளிலும் பொது இடங்களிலும் பொதுக் குவளை கூடாது என்று கான்சாஸ் தடை போட்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாகாணம் அதுதான். மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

*

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1908ல், பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் லஃபாயெட் கல்லூரியின் உயிரியல் பேராசிரியர் ஆல்வின் டேவிசன் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்கூடத்தில் சில நாட்கள் புழங்கிய ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். விளிம்பு முழுக்கப் பிள்ளைகளின் உதட்டிலிருந்து உதிர்ந்த தோல் செல்கள். ஆயிரக்கணக்கில். அந்தச் செல்களில் ஒட்டிக்கொண்டு கிருமிகள். "பள்ளிக் குவளைகளில் மரணம்" என்ற பொருளில் தலைப்பு வைத்துக் கட்டுரை எழுதினார். படித்த பெற்றோர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் சோதித்தது தண்ணீரை அல்ல. டம்ளரின் விளிம்பை.

அதே காலத்தில் பாஸ்டனில் லாரன்ஸ் லூயலன் என்ற வழக்கறிஞர் ஒருமுறை குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் காகிதக் குவளையை உருவாக்கினார். அவரோடு சேர்ந்தவர் ஹியூ மூர். இவர்கள் முதலில் விற்கப் பார்த்தது குவளையை அல்ல, தண்ணீரை. எந்திரத்தில் ஒரு சென்ட் போட்டால் குளிர்ந்த தண்ணீர், கூடவே குவளை. ஆனால் பொதுக் குவளைக்குத் தடை வர வர, ஜனங்களுக்குக் குவளைதான் வேண்டும் என்று புரிந்தது. அதற்கு "ஹெல்த் கப்" என்று பெயர் வைத்தார்கள். 1919ல் "டிக்ஸி கப்" என்று மாற்றினார்கள். அதே கட்டடத்தில் இருந்த டிக்ஸி பொம்மைக் கம்பெனியிடம் வாங்கிய பெயர். இன்று கல்யாண வீட்டில் நாம் காபி குடிக்கிற பேப்பர் கப்பின் தாத்தா அதுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த தகவலுக்கு வருகிறேன். அமெரிக்க மத்திய அரசு குடிநீர் சம்பந்தமாகப் போட்ட முதல் விதி எது தெரியுமா? தண்ணீரில் எத்தனை கிருமி இருக்கலாம் என்ற விதி இல்லை. அது 1914ல்தான் வந்தது. முதல் விதி 1912ல் வந்தது. மாகாணம் விட்டு மாகாணம் போகும் ரயில்களிலும் மற்ற வாகனங்களிலும் பொதுக் குவளை வைக்கக் கூடாது என்பதே அது.

அதாவது, பயணிக்கான முதல் குடிநீர்ச் சட்டம் டம்ளரைப் பற்றியது. தண்ணீர் அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

நாம் என்ன செய்கிறோம்? வெளிநாடு போனால் பாட்டில் தண்ணீரின் சீல் உடைந்திருக்கிறதா என்று மூன்று தடவை திருகிப் பார்க்கிறோம். பிறகு அதை ஹோட்டல் ரூமில் கவிழ்த்து வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஐஸ் போட்டுக் குடிக்கிறோம். அந்த டம்ளரை யார், எந்தத் தண்ணீரில், எந்தத் துணியால் துடைத்தார்கள் என்று யோசிப்பதே இல்லை.

*

இந்த வரலாற்றில் சங்கடமான பக்கங்களும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் சங்கடம் மருத்துவம் சார்ந்தது. கிரம்பைன் பயந்தது காசநோய்க்கு. நுரையீரல் காசநோய் முக்கியமாகக் காற்று வழியாகப் பரவுகிறது, டம்ளர் வழியாக அல்ல என்று இன்று நமக்குத் தெரியும். ஆக அவர் சொன்ன உதாரணம் சரியில்லை. ஆனால் அவர் எடுத்த முடிவு சரி. எச்சில் வழியாகவும் அழுக்குக் கை வழியாகவும் பரவும் எத்தனையோ தொற்றுகளுக்கு அந்தக் குவளை வாகனமாக இருந்தது. மருத்துவ வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கும். காரணம் பாதி தப்பாக இருக்கும், தீர்வு சரியாக அமைந்துவிடும்.

இன்னொரு தப்பும் இதனால் வந்தது. "காசநோயாளியின் டம்ளரைத் தனியா வை" என்ற பயம் இன்று வரை நம் வீடுகளில் இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காசநோயாளியைத் தட்டும் டம்ளருமாக ஒதுக்கி வைப்பதில் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை.

இரண்டாவது சங்கடம் சமூகம் சார்ந்தது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் வெள்ளையருக்கு ஒரு குடிநீர்க் குழாய், கறுப்பினத்தவருக்கு ஒரு குழாய் என்று 1960கள் வரை பிரித்து வைத்திருந்தார்கள். "சுத்தம்" என்ற சொல்லை அதற்கும் பயன்படுத்தினார்கள். நமக்கு அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர் நம் ஊர். இந்த மண்ணில் "தனி டம்ளர்" என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு அவமானம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த அண்ணன் காபியைத் தொடாமல் எழுந்து வந்ததில் ஒரு தப்பும் இல்லை.

அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். அவருக்கு ஒதுக்கி வைத்த டம்ளரும், அவர் பையில் எடுத்துப் போக வேண்டிய டம்ளரும் ஒன்று இல்லை.

*

சரி, ஒரு கேள்வி வரும். பேப்பர் கப் வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வந்துவிட்டது. இன்னும் எதற்கு டம்ளரைப் பற்றிக் கவலை?

குளோரின் மனித குலத்துக்குச் செய்தது சாதாரண உதவி இல்லை. 1908ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி ஊருக்குப் போகும் தண்ணீரில் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். அந்த வழி பரவிய நகரங்களில் டைஃபாய்டு மளமளவெனக் குறைந்தது. காலரா, டைஃபாய்டு பாக்டீரியாக்களுக்குக் குளோரின் எமன். உடம்பில் எதிர்ப்பு சக்தி ஒழுங்காக இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போதும்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகத்துக்கு ஒரு புதுவகைப் பயணி வந்தார்.

1954ல் பாஸ்டனில் ஜோசஃப் மர்ரே ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையே சிறுநீரகத்தை மாற்றி வைத்து வெற்றி கண்டார். இரட்டையர் என்பதால் உடம்பு அதை நிராகரிக்கவில்லை. மற்றவர்களுக்கு? எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்க வேண்டும். 1960களில் அசத்தியோபிரின் வந்தது. 1983ல் சைக்ளோஸ்போரினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு டாக்ரோலிமஸ். கீமோதெரபியும் வளர்ந்தது. முன்பெல்லாம் பிழைத்திருக்கவே முடியாதவர்கள் பிழைத்தார்கள், வேலைக்குப் போனார்கள், விமானம் ஏறினார்கள். மருத்துவத்தின் மிக அழகான சாதனைகளில் ஒன்று இது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை, உடம்பின் காவல்காரனைப் பாதித் தூக்கத்திலேயே வைத்திருப்பது.

1981ல் எய்ட்ஸ் வெளிப்பட்டது. அங்கே காவல்காரனையே ஒரு வைரஸ் கொன்றுகொண்டிருந்தது.

குளோரினுக்குப் பயப்படாத ஒரு ஒட்டுண்ணியைப் பற்றி உலகம் அப்போதுதான் கவலைப்படத் தொடங்கியது.

*

அதன் பெயர் கிரிப்டோஸ்போரிடியம். பெயர் நீளம், ஆள் ரொம்பச் சின்னது. தண்ணீரில் அது மிதக்கும் வடிவத்துக்கு ஊசிஸ்ட் என்று பெயர். கெட்டியான ஓட்டுக்குள் அடைந்த முட்டை மாதிரி. குறுக்களவு 4 முதல் 6 மைக்ரான். நம் ரத்தச் சிவப்பணுவை விடச் சிறியது.

1907ல் எர்னஸ்ட் டைசர் என்ற விஞ்ஞானி எலியின் வயிற்றில் இதைப் பார்த்தார். கிட்டத்தட்ட எழுபது வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1976ல்தான் மனிதர்களிடம் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர். ஒருவர் சின்னக் குழந்தை. இன்னொருவர் தோல் நோய்க்காக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். குழந்தை தானாகவே தேறியது. மருந்து சாப்பிட்டவருக்கோ, மருந்துகளை நிறுத்திய பிறகுதான் வயிற்றுப்போக்கு நின்றது.

1982 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எய்ட்ஸ் பாதித்த 21 ஆண்களுக்கு இந்த ஒட்டுண்ணியால் நிற்காத வயிற்றுப்போக்கு என்று அறிவித்தது. நமக்கு வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் போகிற பேதி, அவர்களுக்கு மாதக்கணக்கில் போனது.

அப்புறம் 1993 வந்தது.

*

மில்வாக்கி. மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் பெரிய நகரம். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். மருந்துக் கடைகளில் பேதி மாத்திரை தீர்ந்துபோகிறது. பள்ளிகளில் பிள்ளைகள் வரவில்லை. ஆஸ்பத்திரிகளில் ஊழியர்களே வரவில்லை. தண்ணீரைச் சோதித்தால் கோலிஃபார்ம் பாக்டீரியா இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் கலங்கல் மட்டும் வழக்கத்தை விட ஏறியிருந்தது. ஆனால் அன்றைய விதிகளின் எல்லைக்குள்தான் இருந்தது. காகிதத்தில் எல்லாம் பாஸ்.

ஏப்ரல் 7ஆம் தேதி, நோயாளிகளின் மலத்தில் கிரிப்டோஸ்போரிடியம் உறுதியானது. அன்றே "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று நகருக்கு அறிவித்தார்கள்.

சுமார் 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். சுமார் 16 லட்சம் பேர் வாழும் பகுதியில் கால்வாசிப் பேர்! அமெரிக்காவில் ஆவணமான தண்ணீர்வழி நோய்ப் பரவல்களில் மிகப் பெரியது இது.

நாலு லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் சில நாட்களில் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். எழாதவர்கள் யார்? அடுத்த இரண்டு ஆண்டுகளில் மில்வாக்கி பகுதியில் இந்த ஒட்டுண்ணியோடு தொடர்புடைய மரணங்கள் 54. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 4 மட்டுமே. அந்த 54 பேரில் 85% எய்ட்ஸ் நோயாளிகள்.

ஒரே ஊர். ஒரே குழாய். ஒரே தண்ணீர். ஒருவருக்கு மூன்று நாள் லீவு, இன்னொருவருக்கு மரணம். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு நாம் தனியாக ஆலோசனை சொல்வது இதனால்தான். பணக்கார நாடு, சுத்தமான நாடு என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்பதற்கும் மில்வாக்கிதான் சாட்சி.

குளோரின் ஏன் தோற்றது? நீச்சல் குளத்தில் போடுகிற அளவு குளோரினிலேயே இந்த ஊசிஸ்ட் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். நாம் கையில் தடவும் ஆல்கஹால் சானிடைசரும் இதை ஒன்றும் செய்யாது. நோய் வர ஆயிரக்கணக்கில் உள்ளே போக வேண்டும் என்பதும் இல்லை. பத்து ஊசிஸ்ட்கூடச் சிலருக்குப் போதும். கழுவிய டம்ளரின் ஓரத்தில் நிற்கும் நாலு சொட்டுத் தண்ணீரை நான் அலட்சியப்படுத்தாததற்குக் காரணம் இதுதான்.

மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து குறைந்தால் கிட்னி அடிவாங்கும். அதே வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறவும் கூடும். அதுவும் கிட்னியைத்தான் அடிக்கும். அந்த அக்கா கொடுத்த கிட்னிக்கு இரண்டு பக்கமும் அடி.

*

எல்லாவற்றுக்கும் பயப்படும் அளவுக்கு இது பெரிய ஆள் இல்லை. இதற்கு இரண்டு பலவீனம். ஒன்று சூடு. 72 டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஒரு நிமிடம் தாங்காது. இன்னொன்று காய்ச்சல், அதாவது நன்றாக உலர விடுவது. ஈரம் முழுக்கப் போய் சில மணி நேரம் காய்ந்தால் செத்துவிடும்.

சூட்டின் அருமை மனிதர்களுக்குக் கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்திலேயே தெரிந்திருக்கிறது. பாரசீக மன்னர் சைரஸ் படையெடுத்துப் போகும்போது, சூசா நகருக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெள்ளிப் பாத்திரங்களில் நிரப்பி, கோவேறு கழுதை வண்டிகளில் கூடவே கொண்டு போனார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்காரர்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1902ல் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மாதோ சிங், இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவுக்குக் கப்பலில் போனபோது பிரம்மாண்டமான வெள்ளிக் குடங்களில் கங்கைத் தண்ணீரை எடுத்துப் போனார். ஒரு குடத்தின் எடை மட்டும் சுமார் 345 கிலோ. இன்றும் ஜெய்ப்பூர் அரண்மனையில் பார்க்கலாம். அவர் போனது மத நம்பிக்கைக்காக, கிருமிக்குப் பயந்து அல்ல. ஆனால் சொந்தப் பாத்திரத்தோடு வெளிநாடு போவது ராஜாவுக்கே கௌரவக் குறைச்சலாக இல்லை என்பதை அண்ணனுக்குச் சொல்ல ஆசை.

"அப்போ வெள்ளி டம்ளர், செம்பு டம்ளர் வாங்கிட்டா போதுமா டாக்டர்?" என்று கமெண்டில் கேட்பீர்கள். போதாது. வெள்ளியும் செம்பும் பல மணி நேரத்தில் சில பாக்டீரியாக்களைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பிக் கழுவாமல் விட முடியாது. சாதாரண எவர்சில்வர் டம்ளரும் கொதிநீரும் அதை விட மேல்.

*

இனி செய்ய வேண்டியவை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவினாலே போதும்.

1. அகன்ற வாய் உள்ள, மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கை உள்ளே போய்த் தேய்க்க முடிய வேண்டும். ஸ்ட்ரா வைத்த பாட்டில், ரப்பர் வளையமும் மடிப்புமாக உள்ள மூடி எல்லாம் வேண்டாம். அழுக்கு அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

2. முதலில் சோப்பு. எச்சில், பால், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. விளிம்பை உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். நம் உதடு படுவது அங்கேதான்.

3. பிறகு கொதிநீர். ஹோட்டல் கெட்டிலில் முதல் முறை கொதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டாம் முறை கொதித்ததை டம்ளரில் தளும்ப ஊற்றுங்கள். ஆறிய டம்ளர் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் ஊற்றியதைக் கொட்டிவிட்டு உடனே இன்னொரு முறை நிரப்பி, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மூடிக்கும் இதே போல. கை சுட்டுக்கொள்ளாதீர்கள், துணியால் பிடியுங்கள்.

4. அதன் பிறகு குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். பலர் செய்யும் தப்பு இதுதான். செய்த வேலை அத்தனையும் வீண்.

5. ஹோட்டல் துண்டால் துடைக்க வேண்டாம். சுத்தமான டிஷ்யூ மேல் கவிழ்த்து, முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடி போட்டுப் பையில் வைத்தால் உள்ளே வேறு கிருமிகள் குடித்தனம் வைத்துவிடும்.

6. குடிக்கும் தண்ணீர்: ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்து ஆறியது, அல்லது சீல் உடையாத பாட்டில். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலை ஊர் என்றால் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். ஐஸ் வேண்டாம்.

7. குளோரின் மாத்திரை பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் நல்லது. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அதை நம்ப வேண்டாம். ஆல்கஹால் வைப்பால் விளிம்பைத் துடைப்பதும் அதே கதை. புற ஊதா விளக்கு வைத்த மூடிகள் விற்கிறார்கள். வெளிச்சம் படாத திருகு மரையும் வெளி விளிம்பும் அப்படியே இருக்கும்.

8. விமானத்தில் சீல் வைத்த பாட்டில் கேளுங்கள். தொட்டித் தண்ணீரில் போடும் டீ, காபியைத் தவிர்ப்பது நல்லது. விமானத் தொட்டித் தண்ணீருக்கென்றே 2009ல் அமெரிக்கா தனி விதி போட வேண்டி வந்தது. 1912ல் ரயில் குவளையில் தொடங்கிய கதையின் தொடர்ச்சி அது.

9. அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் நல்லதுதான். அடுத்தவர் எச்சில் படாது. ஆனால் சொம்பைக் கழுவிய தண்ணீர் சரியில்லை என்றால் அண்ணாந்தாலும் அது உள்ளேதான் போகும்.

10. பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே உங்கள் டாக்டரைப் பாருங்கள். எந்தத் தடுப்பூசி போடலாம், எது கூடவே கூடாது என்று அவர் சொல்வார். ஓஆர்எஸ் பாக்கெட் கையில் இருக்கட்டும். அங்கே பேதியோ காய்ச்சலோ வந்தால் "ரெண்டு நாள் பாப்போம்" என்று காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். மருந்தின் ரத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

*

கடைசியாக அந்த அண்ணனுக்கு.

சொந்தக்காரர் வீட்டில் உங்களுக்கு ஒதுக்கிய டம்ளர் அவர்களின் பயம். மாற்றுச் சிறுநீரகம் யாருக்கும் ஒட்டாது. உங்கள் டம்ளரால் யாருக்கும் ஆபத்து இல்லை. நீங்கள் எடுத்துப் போகும் டம்ளர் அதற்கு நேர் எதிர்த் திசை. மற்றவர்களிடமிருந்து உங்களைக் காப்பது. இன்னும் சரியாகச் சொன்னால், அக்கா உங்களுக்குக் கொடுத்ததைக் காப்பது.

பயண வழியில் அந்த டம்ளர் கையில் இருக்கட்டும். மகள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு தனி டம்ளர்கூடத் தேவை இல்லை. வீட்டு டம்ளர் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துக் காய வைத்தால் போதும். யார் எதில் குடித்தாலும் சரி.

பிள்ளை பிறந்த வீட்டில் இதை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால்தான். ஆனால் எப்போதாவது பாலைப் பிழிந்து கொடுக்க நேர்ந்தால், பாலாடையை வெந்நீரில் கொதிக்க வைத்துத்தானே எடுப்பார்கள்? அந்தப் பாத்திரத்திலேயே தாத்தாவின் டம்ளரையும் போட்டுவிடச் சொல்லுங்கள். ஒருவருக்கு எதிர்ப்பு சக்தி இனிமேல்தான் வளர வேண்டும். இன்னொருவருக்கு நாங்கள் மருந்து கொடுத்துக் குறைத்து வைத்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே கொதிநீர்.

நல்லபடியா போயிட்டு, பேரப்பிள்ளையைப் பாத்துட்டு வாங்கண்ணே. வந்ததும் ஓபிக்கு வந்து கிரியாட்டினின் பாத்துட்டுப் போங்க.

படித்தவர்கள், இது தேவைப்படும் வீடுகளுக்குப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். டியூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.